முகம் காணாத முதலாளிக்கு எது சாட்சி?

சென்ற ஆண்டு ஜூலை மாதம், பாணேர் குன்றின்மேல் மழைமேகம் இறங்கிக் கிடந்த ஒரு மாலை வேளையில், எங்கள் சபையைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவர் நெடுநேரம் பேசவில்லை. என் மனைவி வைத்த காப்பி ஆறிப்போயிற்று. கடைசியில், "ஐயா, சபை லெட்டர்ஹெட்டில் எனக்கு ஒரு கடிதம் வேண்டும்" என்றார்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தவர். ஹிஞ்சவாடியில் ஆறு ஆண்டுகள் கணினி வேலை பார்த்தவர். தகப்பனாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டிய நிலை வந்தபோது, வேலையை விட்டு ஊருக்குப் போனார். தகப்பனாரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது பதினான்கு மாதங்கள் கடந்திருந்தன. இப்போது ஐதராபாத்திலுள்ள ஒரு நிறுவனம் அவரைத் தெரிந்தெடுத்திருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை, அலுவலகத்தை அவர் ஒருநாளும் காணப்போவதில்லை. ஏழு நாட்களுக்குள் எல்லாச் சான்றுகளையும் கணினி வழியாக அனுப்ப வேண்டும். படிவத்தில் அந்தப் பதினான்கு மாதங்கள் வெறுமையாய் நின்றன.

"சபையில் கம்ப்யூட்டர் பணி செய்தேன் என்று ஒரு வரி போதும், ஐயா. ஊருக்குப் போவதற்கு முன்னே சில ஞாயிற்றுக்கிழமை புரொஜெக்டர் பார்த்தேன்தானே? பணம் வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழே தருகிறோம் என்கிறார்கள். எனக்கு அது பயமாயிருக்கிறது. சபைக் கடிதம் என்றால் பொய்யாகத் தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் குத்திற்று. நான் அவருக்குச் சொன்ன பதிலைப் பிற்பாடு சொல்லுகிறேன். அதற்கு முன், வீட்டிலிருந்து வேலை செய்யும் நம் குடும்பங்களில் பலரையும் இன்று கலங்கச் செய்கிற இந்தச் சோதனை எது, ஏன் வந்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

கோப்பு போயிற்று, திரை வந்தது

முற்காலத்தில் வேலையில் சேருகிறவர் ஒரு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். அலுவலர் மூலச் சான்றிதழ்களை வாங்கி, முத்திரையைத் தடவிப் பார்த்து, நகலோடு ஒப்பிட்டுத் திருப்பித் தருவார். எதிரே உட்கார்ந்திருப்பவரும் புகைப்படத்தில் இருப்பவரும் ஒருவரே என்பதை அவருடைய கண்களே கண்டுகொள்ளும். 2020 மார்ச் மாதத்து ஊரடங்குக்குப் பின் அந்த வழக்கம் பெரிதும் மாறிற்று. பாணேரிலும் பாலேவாடியிலும் அடுக்குமாடி வீடுகளின் சாப்பாட்டு மேசைகளே அலுவலகமாயின. ஊழியரை ஒருநாளும் நேரில் காணாமலே வேலைக்கு வைக்கும் காலம் வந்தது.

பார்வை மங்கிய ஈசாக்கின் கதை நமக்குத் தெரியும். மகனைக் கண்ணால் அறிய முடியாதபடியால் கைகளைத் தடவிப் பார்த்தார்; குரலில் சந்தேகம் வந்தும், தடவிய கையையே நம்பி ஆசீர்வதித்தார். தூரத்திலிருந்து ஆளைத் தெரிந்தெடுக்கும் நிறுவனத்தின் நிலையும் ஏறக்குறைய அதுவே. கண் இல்லாத இடத்தில் அது தடவிப் பார்ப்பது நம்முடைய ஆவணங்களைத்தான்.

ஏன் இத்தனை சந்தேகம்?

ஏமாற்றுகிறவர்கள் பெருகியதே காரணம். நேர்காணலில் ஒருவர் பேச, வேலையில் வேறொருவர் சேருவது நம் நாட்டில் பழைய நோய். 2006-ஆம் ஆண்டிலேயே நாஸ்காம் அமைப்பு, கணினித் துறை ஊழியரின் கைரேகையையும் படத்தையும் பதிவு செய்யும் தேசியத் திறன் பதிவேட்டை இதற்காகத் தொடங்கிற்று. 2022 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., பிறருடைய முகத்தையும் குரலையும் கணினியில் போலியாய் உருவாக்கி, வீட்டிலிருந்து செய்யும் வேலைகளுக்குச் சிலர் நேர்காணலில் தோன்றுவதாக எச்சரித்தது. அதே ஆண்டு நவம்பரில், இல்லாத நிறுவனங்களின் பேரில் அனுபவச் சான்று கொடுத்தவர்களைக் கண்டறிந்து விலக்கியதாக ஆக்சென்சர் நிறுவனம் இந்தியாவில் அறிவித்தது.

2025 ஜூலையில் அரிசோனா மாநிலத்துப் பெண்மணி ஒருவருக்கு எட்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நிறுவனங்கள் அனுப்பிய மடிக்கணினிகளை அவர் தம் வீட்டில் வரிசையாய் அடுக்கி இயக்கிக்கொண்டிருந்தார். வட கொரியாவைச் சேர்ந்தவர்கள், திருடப்பட்ட அமெரிக்கப் பெயர்களில், முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களில் வீட்டிலிருந்தே வேலை செய்வதுபோல் நடித்து, 1.7 கோடி டாலருக்கு மேல் ஈட்ட அது வழியாயிற்று. இப்படிப்பட்டவை வெளிப்பட்டபின், ஒரு நிறுவனம் நம்மிடம் ஐந்து சான்றுகளைக் கேட்டால் அதை அவமதிப்பாக எண்ணலாகாது.

இந்தியாவில் எதைச் சோதிக்கிறார்கள்?

வேலை செய்யும் தகுதி என்றால், அயல்நாடுகளில் முதலில் எழுவது குடியுரிமைக் கேள்வி. நம் அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு, எந்தக் குடிமகனும் நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கவும் தொழில் செய்யவும் உரிமை தருகிறது. திருநெல்வேலிக்காரர் பூனேயில் வேலை செய்ய எந்த அனுமதிச் சீட்டும் வேண்டாம். ஆகையால் இங்கே சோதிக்கப்படுவது பெரும்பாலும் நான்கு காரியங்கள்: ஆள் இன்னார்தானா, படிப்பு உண்மையா, முன் வேலை உண்மையா, முகவரி உண்மையா என்பவை. சில இடங்களில் காவல்துறைச் சான்றையும் கேட்பார்கள்.

ஆள் அடையாளத்துக்கு ஆதார், பான் அட்டை, பாஸ்போர்ட் பயன்படுகின்றன. ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டமே சொல்லுகிறது. பிறந்த தேதிக்கும் அது முடிவான ஆதாரமல்ல என்று 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் எடுத்துக்காட்டிற்று. ஆகவே பள்ளி மாற்றுச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் பத்திரமாய் வைத்திருங்கள்.

படிப்புச் சான்றுகளுக்கு 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கர் பெரிய உதவி. வழங்கிய வாரியமோ பல்கலைக்கழகமோ நேராக அதில் இடும் சான்று, சட்டத்தின் பார்வையில் மூலத்துக்குச் சமம். நாமே படம் பிடித்து ஏற்றும் நகலுக்கு அந்த மதிப்பு இல்லை. இந்த வேறுபாட்டை அநேகர் அறியாதிருக்கிறார்கள்.

முன் வேலையைச் சோதிப்பதில்தான் பலர் அகப்படுகிறார்கள். வருங்கால வைப்புநிதிக்காக 2014 முதல் ஒவ்வொருவருக்கும் வழங்கப்படும் யு.ஏ.என். எண்ணின் கீழ், எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எந்தத் தேதியில் விலகினோம் என்ற வரலாறு நிற்கிறது. வருமான வரித் துறையின் இணையத்தளத்திலோ, எந்த நிறுவனம் நம் பேரில் வரி பிடித்தது என்ற கணக்கு இருக்கிறது. வேலைசெய்யாத நிறுவனத்தின் சான்றிதழை ஒருவர் கொடுத்தால், இந்த இரண்டு கணக்கும் அவருக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்லும். ஒரே காலத்தில் இரண்டு வேலை செய்தாலும் தேதிகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வெளிப்படும். போட்டி நிறுவனங்களுக்கும் இரகசியமாய் வேலை செய்த 300 பேரை நீக்கியதாக விப்ரோவின் தலைவர் 2022 செப்டம்பரில் வெளிப்படையாய்ச் சொன்னதை நினைவுகூருங்கள்.

முகவரிக்கு, வாடகை வீட்டில் இருக்கும் நமக்கு 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தமே அடிப்படை. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அது எழுதப்பட்டுப் பதிவு செய்யப்பட வேண்டும்; பதிவு செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செலவை எண்ணிப் பதிவு செய்யாமல் விடுகிறவர்கள், முகவரிச் சோதனை வரும் நாளில் தவிக்கிறார்கள். சில நிறுவனங்கள் கைபேசிக்கு ஒரு இணைப்பை அனுப்பி, வீட்டு வாசலில் நின்று படம் எடுக்கச் சொல்லும்; இருக்கும் இடத்தையும் அது பதிவு செய்துகொள்ளும். சொந்த ஊரில் இருந்துகொண்டு பாணேரில் இருப்பதாகச் சொன்னவர்கள் இதில் வெட்கப்பட்டுப் போயிருக்கிறார்கள்.

நம்மவருக்கே உரிய இடறல்: பெயர்

பொய் சொல்லாமலே பொய்யராய்த் தோன்றும் ஆபத்து தமிழருக்கு ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். பூனேயில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் தன் பெயர், தந்தை பெயர், 'ஆட்நாவ்' என்னும் குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். சாமுவேலின் மகன் ஜான்சன் என்பவரை எடுத்துக்கொள்வோம். மதிப்பெண் பட்டியலில் எஸ். ஜான்சன், ஆதாரில் ஜான்சன் எஸ், முதலெழுத்தை ஏற்காத பான் அட்டையில் ஜான்சன் சாமுவேல், பாஸ்போர்ட்டில் சாமுவேல் குடும்பப் பெயராய் முன்னே வந்து நிற்கும். ஊரில் இது நால்வருக்கும் புரியும். தூரத்திலிருந்து ஒப்பிடும் கணினிக்கோ நான்கு மனிதர்!

ஞானஸ்நானம் பெற்றபோது புதுப்பெயர் தரித்தவர்களின் சிக்கல் இன்னும் பெரிது. சபையில் எல்லாரும் அழைப்பது ஒரு பெயர். பள்ளிச் சான்றிதழில் இருப்பது வேறொரு பெயர். சபை தரும் ஞானஸ்நானச் சான்று மட்டும் இதற்குப் போதாது. புதுப்பெயரிலே வேலை செய்ய விரும்புகிறவர்கள் அரசிதழில் முறையாய் அறிவித்து, அதன் பின் ஆதார், பான், வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் திருத்த வேண்டும். அப்படிச் செய்ய மனமில்லாதவர்கள், சான்றிதழிலுள்ள பெயரையே வேலையிலும் எழுதுவது நலம்.

வைப்புநிதிக் கணக்கிலுள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்திருக்க வேண்டும். 2017 அக்டோபர் 1-க்குப் பின், ஆதாரைக் கொண்டு யு.ஏ.என். பெற்றவர்கள், இவ்விதப் பிழைகளை முதலாளியின் ஒப்புதலின்றித் தாங்களே திருத்திக்கொள்ள 2025 ஜனவரியில் வழி திறக்கப்பட்டது. வேலை மாறும்போது ஓடுவதைவிட, வேலையில் நிலைத்திருக்கும்போதே இதைச் செய்து முடிப்பது ஞானம்.

கடல் கடந்த பிள்ளைகளுக்கு

நம் வாசகர்களில் அநேகருடைய பிள்ளைகள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலையில் சேரும் ஒவ்வொருவரும், குடிமகனாயினும் அந்நியராயினும், ஐ-9 படிவத்தை நிரப்ப வேண்டும். வேலை தொடங்கி மூன்று வேலைநாட்களுக்குள் முதலாளி மூல ஆவணங்களைச் சோதிக்க வேண்டும். தொற்றுநோய்க் காலத்தில் தரப்பட்ட சலுகை 2023 ஜூலை 31-இல் முடிந்தது. மறுநாள் முதல், இ-வெரிஃபை என்னும் அரசு ஏற்பாட்டில் சேர்ந்த நிறுவனங்கள் மட்டும் ஆவண நகல்களை வாங்கி, நேரலைக் காணொளியில் ஆளையும் ஆவணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மற்றவர்கள் ஆவணத்தை நேரிலேதான் பார்க்க வேண்டும். தங்கள் சார்பில் பார்க்க ஒருவரை நியமிக்கவும் செய்யலாம்.

பிரிட்டனில் விசாதாரர்களுக்கு அட்டையும் தாளும் போய், இணையக் கணக்கே சான்றாயிற்று. ஊழியர் அதிலிருந்து ஒன்பது எழுத்துள்ள பகிர்வுக் குறியீட்டை எடுத்துக் கொடுக்க, முதலாளி அரசின் தளத்தில் சோதிக்கிறார். அது 90 நாட்கள் செல்லும். உரிமை இல்லாதவரை வேலைக்கு வைத்தால், 2024 பிப்ரவரி முதல் ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரையும், மறுமுறை அகப்பட்டால் 60,000 பவுண்டு வரையும் அபராதம் உண்டு. இதை அறிந்தால், அங்கே முதலாளிகள் காட்டும் கண்டிப்பு பகையல்ல என்பது விளங்கும்.

நான் இட்ட ஒரு கையெழுத்து

இப்போது என் சொந்தக் குற்றத்தைச் சொல்ல வேண்டும். ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு நகரத்தில் ஊழியம் செய்த நாட்களில், சகோதரி ஒருத்தி கடிதம் கேட்டு வந்தாள். விதவைத் தாயைக் காப்பாற்றுகிறவள். ஞாயிறு பள்ளியில் உண்மையாய் உழைத்தவள். "இரண்டு ஆண்டுகள் எங்கள் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றினார்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஞாயிறு என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். இரக்கத்தினாலே செய்தேன் என்று என் மனச்சாட்சிக்குச் சமாதானம் சொன்னேன்.

எட்டு மாதங்கள் கழித்துத் தொலைபேசி மணி அடித்தது. மறுமுனையில் மரியாதையான ஒரு குரல். "உங்கள் பள்ளியில் மாணவர் எத்தனை பேர்? அவருக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். முதலில் தடுமாறினேன்; பிறகு உண்மையைச் சொன்னேன். அந்த வாரத்திலேயே அவள் வேலை போயிற்று. அவள் என்னை ஒரு வார்த்தையும் குறைசொல்லவில்லை. சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். கையெழுத்து என்னுடையது, இழப்பு அவளுடையது.

சட்டமும் இதை இலேசாய் எண்ணுவதில்லை. ஏமாற்றும் நோக்கத்தோடு ஆவணம் புனைவதற்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா ஏழாண்டு வரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. பொய்யென்று அறிந்து அதை மெய்போல் பயன்படுத்துகிறவருக்கும் அதே தண்டனை. கணினி வழியாய் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறை.

அரசு வேலைக்கான படிவத்தில் வழக்கு விவரத்தை மறைப்பது பற்றி, 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் வழிமுறைகளை வகுத்தது. கொடுக்கும் விவரம் உண்மையாயிருக்க வேண்டும், எதையும் மறைக்கலாகாது என்பது அதன் தொடக்கம். உண்மையைச் சொன்னதாலேயே வேலை நிச்சயம் என்று அந்தத் தீர்ப்பு உறுதி தரவில்லை. தீர்மானிக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு. ஆயினும் நாமே முன்வந்து சொன்னதற்கும், பிறர் தோண்டி எடுத்ததற்கும் உள்ள தூரம் பெரிது.

கொடுப்பதிலும் ஜாக்கிரதை

உண்மையாயிருப்பது வேறு, கேட்ட எவருக்கும் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுப்பது வேறு. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கட்டாயமாய்க் கேட்க வழிசெய்த சட்டப்பிரிவை 2018 செப்டம்பர் 26-இல் உச்சநீதிமன்றம் செல்லாததாக்கிற்று. வைப்புநிதிக் கணக்குக்கு ஆதார் கேட்பது சட்டத்தின்படியே. வெறும் அடையாளத்துக்கோ, விருப்பமுள்ளவர் கொடுக்கலாம். அப்போதும் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுத்தல் நலம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவை படிப்படியாய் நடைமுறைக்கு வருகின்றன. எதற்காகக் கேட்கிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று கேட்பது துணிகரமல்ல.

நம்மைச் சோதிக்கும் நிறுவனத்தை நாமும் சோதிக்கலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதன் பெயரும் 21 எழுத்துள்ள பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மடிக்கணினிக்கு முன்பணம், சோதனைக்குக் கட்டணம் என்று பணம் கேட்டால், அங்கேயே நின்றுவிடுங்கள்.

அந்த வாலிபருக்கு

அன்று மாலை, எட்டு மாதம் கழித்து அடித்த அந்தத் தொலைபேசி மணியைப் பற்றி அவருக்குச் சொன்னேன். "தம்பி, நீங்கள் கேட்கிற கடிதத்தை நான் தரமாட்டேன். ஆனால் அந்தப் பதினான்கு மாதங்களை மறைக்க உங்களுக்கு என்ன வெட்கம்? தகப்பனுக்குக் கட்டிலருகே இருந்தது குற்றமா?" என்றேன். அவர் அழுதார்.

அன்றிரவு எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதினார்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை இல்லை, காரணம் என்ன என்று. டயாலிசிஸ் ரசீதுகள் சிலவற்றையும் தகப்பனாரின் இறப்புச் சான்றிதழையும் இணைத்தார். நானும் ஒரு கடிதம் எழுதினேன். ஐந்து ஆண்டுகளாய் அவரை அறிவேன், அந்த மாதங்களில் அவர் பூனேயில் இல்லை, தகப்பனாரின் அடக்க ஆராதனைக்கு நான் போயிருந்தேன் என்று என் கண் கண்டதை மட்டும் எழுதினேன்.

எல்லாம் இன்பமாய் முடிந்ததென்று சொல்லமாட்டேன். நிறுவனம் மேலும் கேள்விகள் கேட்டது; காணொளியில் ஒருமுறை விசாரித்தது. வேலையில் சேருவது ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. அம்மாத வாடகைக்கு அவர் கடன்பட்டார். முதலில் பேசிய சம்பளத்தையும் சற்றுக் குறைத்தார்கள். எனக்கும் தொலைபேசி வந்தது. இம்முறை என் நாவு தடுமாறவில்லை.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பால்கனியோரம் சிறு மேசை, அதன்மேல் மடிக்கணினி, பின்னால் தொட்டிலில் குழந்தை. பேசிக்கொண்டிருக்கும்போதே கைபேசி மணி அடித்தது, ஐதராபாத்து எண். "ஒரு நிமிடம், ஐயா" என்று சொல்லிச் சாதாரணமாய் எடுத்துப் பேசினார். நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பயம் இல்லை.

அன்பானவர்களே, இந்த வாரத்தில் ஒருநாள் மாலை உங்கள் பீரோவைத் திறந்து, வீட்டிலுள்ள எல்லாருடைய சான்றிதழ்களையும் மேசைமேல் பரப்பிப் பெயரையும் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் இப்பொழுதே திருத்துங்கள். இடைவெளி இருந்தால், அது நேர்ந்த விதத்தை உள்ளபடி எழுதி வையுங்கள். உங்கள் போதகரிடம் கடிதம் கேட்டுப் போனால், அவர் கண்டதை மட்டும் கேளுங்கள். நம்மை ஒருநாளும் காணாத முதலாளிக்கு, நம்மைப்பற்றிப் பேசப்போவது அந்தத் தாள்கள்தான்.